ஓட்டர் ஐடி இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாக்குப்பதிவு நாளில் எந்த பூத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர், "போன தடவை இதே ஸ்கூல்லதான் சார் போட்டேன்" என்று மன்றாடிக்கொண்டிருப்பார். அதிகாரி தாள்களை இரண்டாவது முறையும் புரட்டிவிட்டு, "உங்க பேர் இதுல இல்லைங்களே" என்பார். அட்டை அசல், ஆளும் அசல். ஆனாலும் அவர் அன்றைக்கு ஓட்டு போட முடியாது.

அட்டை நீங்கள் இன்னார் என்று காட்டுவதற்கு மட்டும்தான். ஓட்டு போட விடுவது வாக்காளர் பட்டியலில் உள்ள உங்கள் பெயர். அதுவும் எங்கோ ஒரு பட்டியலில் இருந்தால் போதாது. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் பட்டியலில் ஒரு பாகம் உண்டு. இப்போது குடியிருக்கும் தெரு எந்தப் பாகத்தில் வருகிறதோ அந்தப் பாகத்தில் இருக்க வேண்டும். அட்டை தொலைந்தவர் ஆதாரைக் காட்டி ஓட்டு போட்டுவிட்டுப் போய்விடலாம். பட்டியலில் பெயர் தொலைந்தவருக்கு அன்றைக்கு வழியே கிடையாது.

தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் முதல்முறை ஓட்டு போடப் போகிறவர்களுக்கும், ஊர் மாறி வந்து வேறு தொகுதியில் குடியேறியவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். 234 தொகுதிக்கும் விதி ஒன்றுதான்.

யார் சேரலாம், எங்கே சேரலாம்

இந்தியக் குடியுரிமை இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1989-க்கு முன்பு இது 21 ஆக இருந்தது. ஓட்டு போடும் நாளன்று 18 ஆகியிருந்தால் போதும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. மார்ச் 20-ல் 18 முடிப்பவர் ஏப்ரல் 1 கணக்கில் வந்துவிடுவார். ஏப்ரல் 5-ல் முடிப்பவர் ஜூலை 1 கணக்கில்தான் வருவார், நடுவில் மே மாதம் தேர்தல் வந்தாலும் சரி. 2022-க்கு முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்ததால் பிப்ரவரியில் பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 17 முடிந்ததுமே விண்ணப்பித்து வைக்கலாம். வயது வந்ததும் பெயர் ஏறும். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே போட்டு வைப்பது நல்லது.

அடுத்த கேள்வி எங்கே என்பது. சட்டம் 'வழக்கமாகக் குடியிருக்கும் இடம்' என்கிறது. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த ஊரில் ஓட்டு கேட்க முடியாது. வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதற்காக ஓட்டை மறுக்கவும் முடியாது. சென்னையில் பத்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டு, ஓட்டை மட்டும் சிவகங்கையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். தேர்தலுக்குத் தேர்தல் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவது அவர்களுக்குத் திருவிழாவுக்குப் போவது போல. ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் எங்கே தூங்குகிறீர்களோ, எந்தத் தெருவின் சாக்கடையும் குடிநீரும் உங்களைப் பாதிக்கிறதோ, அங்கே ஓட்டு இருப்பதுதான் சட்டத்துக்கும் சரி, உங்களுக்கும் பயன். வீடுவீடாகச் சரிபார்க்கும்போது 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' என்று முதலில் குறிக்கப்படுவதும் இப்படிப்பட்டவர்கள்தான்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ, இரண்டில் ஒன்றில் சேரலாம். விடுதி முகவரி என்றால் கல்லூரித் தலைமையிடம் சான்று வாங்கித் தர வேண்டும். வீடே இல்லாமல் நடைபாதையில் தூங்குபவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. பிற மாநிலத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவரும் இங்கே ஓட்டை மாற்றிக்கொள்ளலாம். தமிழ் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

எங்கே வைத்துக்கொண்டாலும் ஓரிடத்தில்தான். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி செல்லாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

முதல் வேலை: தேடிப் பார்ப்பது

படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பு, உங்கள் பெயர் ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலும் செயலியிலும் மூன்று வழிகளில் தேடலாம்: அட்டை எண்ணைக் கொண்டு, பெயர் விவரங்களைக் கொண்டு, பதிவு செய்த கைபேசி எண்ணைக் கொண்டு. அட்டை எண் தெரிந்தால் அதுவே சிறந்தது. மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் அது. ஊர் மாறினாலும் மாறாது.

பெயரைக் கொண்டு தேடினால் பொறுமை வேண்டும். பட்டியலில் ஏறியிருக்கும் எழுத்துப்பிழையோடு தேடினால்தான் சிக்கும். முத்துலட்சுமியைத் தேடுகிறவர் முத்துலெட்சுமி, முத்துலக்ஷ்மி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். இணையம் கைகொடுக்காவிட்டால் 1950 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். தாலுகா ஆபீஸிலும், சென்னை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் கேட்கலாம்.

பெயர் கிடைத்தால் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள்: தொகுதி, பாகம் எண், பாகத்துக்குள் வரிசை எண், வாக்குச்சாவடியின் பெயர். பூத்தில் உங்களை அவர்கள் தேடுவது பெயரை வைத்து அல்ல, இந்த எண்களை வைத்துத்தான்.

போன தேர்தலில் ஓட்டு போட்டவர்களும் இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது. 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எஸ்.ஐ.ஆர். என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதுதான். வீடுவீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அலுவலர் வந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தவர்களும், படிவத்தைத் திருப்பித் தராமல் விட்டவர்களும் இப்படித்தான் வெளியே போனார்கள். ஆகவே 'எனக்கு ஏற்கெனவே இருக்கு' என்பதைத் திரையில் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

எந்தப் படிவம்

முதல்முறை சேர்வதற்குப் படிவம் 6. வீடு மாறினாலோ, பெயர், வயது, படம் திருத்த வேண்டியிருந்தாலோ, அட்டை தொலைந்தாலோ, மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டியிருந்தாலோ படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்க, அல்லது ஒரு பெயருக்கு ஆட்சேபம் சொல்லப் படிவம் 7. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் சேரலாம், ஆனால் ஓட்டு போட நேரில்தான் வர வேண்டும். எதற்கும் கட்டணம் இல்லை. ஆதார் எண் தருவது விருப்பத்தைப் பொறுத்தது.

இதில் அடிக்கடி கோட்டை விடும் இடம் 6-க்கும் 8-க்கும் நடுவில். மதுரையில் ஓட்டு இருந்தவர் கோவைக்குக் குடிவந்ததும் 'புது ஊர், புது ஓட்டு' என்று படிவம் 6 போட்டுவிடுகிறார். பிரவுசிங் சென்டரில் இருப்பவரும் கேட்காமல் அதையே நிரப்பிவிடுகிறார். விளைவு, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு எண். பிறகு ஒருநாள் இரட்டைப் பதிவு என்று நோட்டீஸ் வரும், அல்லது சத்தமில்லாமல் ஒன்று நீக்கப்படும். எது நீக்கப்படும் என்பது உங்கள் கையில் இருக்காது. பட்டியலில் பெயர் இருப்பவருக்குப் படிவம் 6 தேவையில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பக்கத்து மாநிலத்துக்குப் போனாலும் படிவம் 8-தான். அது பழைய இடத்தில் நீக்கி, புதிய இடத்தில் சேர்த்து, அதே எண்ணில் புதிய அட்டை தரும்.

படிவம் 6-ஐ நிரப்பும்போது

இணையத்தில் நிரப்பினாலும், தாளில் எழுதிக் கொடுத்தாலும் கேட்பது ஒன்றேதான். முகம் தெளிவாகத் தெரியும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த சமீபத்திய படம் வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், மின்கட்டணம், தண்ணீர் அல்லது கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம் இவற்றில் ஒன்று. பில் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்பா, அம்மா, கணவன், மனைவி பெயரில் இருந்தாலும் ஏற்பார்கள். ஆதாரில் இன்னும் பழைய ஊர் முகவரி இருப்பவர்கள் முகவரிச் சான்றாக அதை இணைத்துவிட்டு, பிறகு நிராகரிப்புக்கு வருந்துவார்கள். முதலில் பாஸ்புக் முகவரியையாவது மாற்றிக்கொள்ளுங்கள். தீவிரத் திருத்தம் நடக்கும் காலத்தில் கூடுதலாக ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். பெற்றோரின் பழைய பட்டியல் விவரம் கையில் இருந்தால் அதை நிரப்புவது எளிது.

பெயர்க் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குடும்பப் பெயருக்கு என்று தனிக் கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. இருந்தால் நிரப்பினால் போதும் என்பதால் அதை வெறுமையாக விடலாம். இனிஷியல் போடுவது என்று முடிவு செய்தால் ஆதாரில் இருப்பது போலவே போடுங்கள்; ஆவணத்துக்கு ஆவணம் மாறினால்தான் தொல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை தமிழ் எழுத்து. இணையப் படிவத்தில் பெயரை ஆங்கிலத்தில் தட்டியதும், கீழே தமிழ்க் கட்டம் தானாக நிரம்பிவிடும். இயந்திரம் எழுதும் தமிழ் அது. கனிமொழி 'கனிமொசி' ஆகலாம், வள்ளி 'வல்லி' ஆகலாம், தங்கவேல் 'தான்கவேல்' ஆகலாம். பூத்தில் வாசிக்கப்படுவது தமிழ்ப் பட்டியல்தான். தமிழ்க் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைப்பலகை இருக்கும். அதைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்துங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் மூன்றையும். ஐந்து நிமிட வேலை. இதை விட்டுவிட்டுப் பிறகு படிவம் 8 போட்டுக் காத்திருப்பவர்களைக் கணக்கில் அடக்க முடியாது.

குடும்பத்தில் ஏற்கெனவே ஓட்டு உள்ள ஒருவரின் அட்டை எண்ணைக் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். அதை வைத்துத்தான் உங்களை அதே பாகத்தில், அதே வீட்டு எண்ணில் சேர்ப்பார்கள். அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடம், மகளுக்கு வேறு பள்ளிக்கூடம் என்று பிரிந்து போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான் காரணம்.

கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். இ-சேவை மையத்திலோ கடையிலோ நிரப்பினால், சில நேரம் அவர்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு மின்னணு வாக்காளர் அட்டையை இறக்கும்போது ஓடிபி அவர்களுக்குப் போகும்.

சமர்ப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். தாளில் கொடுத்தால் கீழே உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தக் காலத்தில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடியிலேயே சிறப்பு முகாம் போடுவார்கள், அங்கேயும் கொடுக்கலாம். கட்சிக்காரர்கள் வாங்கிப் போய்க் கொடுப்பதும் வழக்கத்தில் உண்டு. சரி, கொடுங்கள், ஆனால் குறிப்பு எண் கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.

அப்புறம் வாக்குச்சாவடி நிலை அலுவலர், பேச்சு வழக்கில் பி.எல்.ஓ., சரிபார்க்க வருவார். உங்கள் பகுதியின் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ மாநகராட்சிப் பணியாளராகவோ இருப்பார், தன் வேலைக்கு நடுவில் இதையும் பார்ப்பவர். அவர் பெயரும் கைபேசி எண்ணும் இணையத்தில் உங்கள் பாகத்துக்கு நேராகவே இருக்கும். வீட்டில் பகலில் ஆள் இல்லை என்றால் முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்ற ஒரு வரியில் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் அதிகம்.

நிராகரித்தால் அதோடு முடிந்துவிடவில்லை. வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஆனால் தேர்தல் நெருங்கிவிட்டால் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. காரணத்தைப் பார்த்து, சரியான சான்றோடு உடனே மறுபடி விண்ணப்பிப்பதுதான் விரைவான வழி.

கதவு எப்போது மூடும்

தேர்தல் தேதி அறிவித்த பிறகும் பெயர் சேர்க்கலாம். ஆனால் வேட்பு மனு தாக்கலுக்கான கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் பூட்டப்படும். உங்கள் விண்ணப்பத்தை ஏழு நாள் ஆட்சேபத்துக்காக வெளியிட்ட பிறகே அதிகாரி முடிவெடுக்க முடியும் என்பதால், மனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அதாவது டிவியில் தேதி அறிவித்ததும் மிஞ்சுவது சில நாட்கள்தான். அந்த நாட்களில் இணையதளத்தின் வேகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டு நாளுக்கு முன்

வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்னதாக பூத் சிலிப் வீட்டுக்கு வர வேண்டும். பி.எல்.ஓ. தருவது அதிகாரப்பூர்வமானது. கட்சிக்காரர்கள் தருவதிலும் எண்கள் சரியாகவே இருக்கும், ஆனால் சின்னம் அச்சிட்ட சீட்டை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். சிலிப்பே வராவிட்டாலும் கவலை இல்லை. குறித்து வைத்த பாகம் எண்ணும் வரிசை எண்ணும் போதும். சிலிப் அடையாளச் சான்று ஆகாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை. வேறு தொகுதி முகவரியோடு பழைய அட்டை இருந்தாலும், இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் ஏற்பார்கள். அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை, மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு போன்றவற்றில் ஒன்று. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் நீட்டும் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரி அடையாள அட்டையும் தனியார் கம்பெனி அட்டையும் இல்லை. கைபேசியில் உள்ள மின்னணு அட்டையை நம்பிப் போகாதீர்கள், கைபேசியை உள்ளே விட மாட்டார்கள், அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டு போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும், பி.எல்.ஓ. அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். ஒரு விஷயம், இந்த வசதியைக் கேட்டுவிட்டால் பிறகு பூத்துக்குப் போய்ப் போட முடியாது. தாத்தா 'நான் வரிசையில் நின்னுதான் போடுவேன்' என்றால் படிவத்தை வாங்காதீர்கள்.

விடுமுறையைப் பொறுத்தவரை, அன்றைக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை உங்கள் உரிமை. கடை, கம்பெனி, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும், தினக்கூலிக்கும் பொருந்தும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. முதலாளிக்கு விதிக்கும் அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பது வேறு கதை.

பூத்துக்குள்

நேரம் வழக்கமாகக் காலை 7 முதல் மாலை 6 வரை. கொரோனா காரணமாக 2021-ல் இரவு 7 வரை நீட்டினார்கள். வெயில் ஏறும் முன் போய்விடுவது புத்திசாலித்தனம். மாலை 6 அடிக்கும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு, கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி டோக்கன் தருவார்கள். கையில் டோக்கன் உள்ள அனைவரும் போட்டுவிட்டுத்தான் பூத் மூடும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் நேரே உள்ளே போகலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

முதல் மேசையில் பட்டியலைப் பார்த்து உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகள் தங்கள் தாளில் அடித்துக்கொள்வதற்காக. இரண்டாவது மேசையில் இடது கை ஆள்காட்டி விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து அல்லது ரேகை, கையில் ஒரு சிறு சீட்டு. மை மைசூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் தயாராவது, வைத்ததும் துடைத்துவிடாதீர்கள். மூன்றாவது மேசையில் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பட்டனை அழுத்துவார். அப்போதுதான் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உங்கள் இயந்திரம் உயிர்பெறும். மேலே பச்சை விளக்கு எரியும்.

பெயர், படம், சின்னம் பார்த்து நேராக உள்ள நீலப் பட்டனை அழுத்துங்கள். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு ஏழு நொடி தெரிந்து, அறுந்து உள்ளே விழும். நீளமாக 'பீப்' கேட்கும். அந்த ஒலி கேட்டால்தான் ஓட்டு பதிவானது. முதல்முறை போடுகிறவர்கள் பட்டனைத் தட்டிவிட்டு ஓடிவந்துவிடுகிறார்கள். ஏழு நொடி நின்று பாருங்கள்.

ஓர் இயந்திரத்தில் 16 வரிசைதான். நம் ஊரில் அது போதாமல் போவது புதிதல்ல. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். அதே ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் 1996-ல் 1,033 பேர் நின்றது தனி வரலாறு. ஆகவே முதல் இயந்திரத்தில் உங்கள் ஆள் இல்லை என்றால் பதறாமல் அடுத்ததைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நோட்டா. நோட்டா 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலில் வருபவர்தான் ஜெயிப்பார்.

கண் தெரியாதவரும், தானே பட்டனை அழுத்த முடியாதவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஒரு நாளில் ஒரே ஆளுக்குத்தான் துணை போக முடியும். இயந்திரத்தில் பிரெய்ல் எண்களும் உண்டு.

சிக்கல் வந்தால்

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் வாசலில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பூத்தின் தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, டெண்டர் ஓட்டு கேளுங்கள். தேர்தல் நடத்தை விதி 49-P. இயந்திரத்தில் போட விட மாட்டார்கள். வாக்குச்சீட்டு தருவார்கள், முத்திரை குத்தித் தர வேண்டும், அது தனி உறையில் போகும். சாதாரண எண்ணிக்கையில் அதைச் சேர்க்க மாட்டார்கள், வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் எடுப்பார்கள். அப்படியானால் எதற்கு என்று கேட்கலாம். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்குப் போடும் தொகுதிகளில் அந்த உறைதான் சாட்சி. கள்ள ஓட்டு நடந்தது என்பதற்கு ஊர்ப் பேச்சு சாட்சியாகாது.

பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே 'வராதவர், இடம் மாறியவர், இறந்தவர்' என்ற குறிப்பு இருக்கலாம். அதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. கூடுதலாகச் சரிபார்த்து, உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஓட்டு போட விட வேண்டும். ஏஜென்ட் ஒருவர் 'இவர் அவர் இல்லை' என்று ஆட்சேபம் சொன்னால், அவர் இரண்டு ரூபாய் கட்டி முறையாகச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது தலைமை அலுவலர்.

விவிபேட்டில் வேறு சின்னம் வந்தது என்றால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஏஜென்டுகள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டு போட்டுக் காட்டச் சொல்வார்கள். புகார் சரி என்றால் அந்த இயந்திரத்தில் பதிவு நிறுத்தப்படும்; பொய் என்று தெரிந்தால் உங்கள் மேல் நடவடிக்கை. பதற்றத்தில் பட்டனை மாற்றி அழுத்திவிட்டு இயந்திரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் மாநிலத்தில் இதைப் பேசாமல் தேர்தலைப் பேச முடியாது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்தான். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணம் பாய்ந்ததால் தேர்தலே தள்ளிப்போனது அல்லது ரத்தானது. புகார் செய்ய சி-விஜில் செயலி உண்டு. இடத்தில் நின்றபடியே எடுத்த படமோ வீடியோவோ வேண்டும்; 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பெயர் இல்லாமலும் அனுப்பலாம்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இதே பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கொள்கிறது, ஆனால் வார்டு வாரியாகப் பிரித்துவிடும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறும், சில நேரம் பள்ளிக்கூடமும் மாறும். கிராமத்தில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டு போட வேண்டும். சட்டமன்றத் தேர்தலின் பூத் சிலிப்பை அதற்கு எடுத்து வைத்துக்கொள்ளாமல், அப்போது புதிதாகத் தேடிக்கொள்ளுங்கள்.